மெஷினுக்கு வைத்த பொட்டு

மஞ்சுளா,

நீ பாதிப் பேச்சில் போனை வைத்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மறுபடி போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், உங்கம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைப்பாள். அதனால்தான் காகிதம். இதையும் நீ பாதியில் மூடி வைக்கலாம், ஆனால் மறுபடி எடுத்துப் படிக்கலாம். நீ படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவும் நல்லதுதான். நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பதிலை வாயில் வைத்திருப்பவள் நீ. இந்த ஒரு தடவையாவது கடைசி வரி வரை வந்துவிட்டுப் பதில் சொல்லு.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ மாற்றிப் பேசக்கூடாது. தடா பக்கத்தில் நீ வேலை செய்கிற போன் பாக்டரியில், பொடிப்பொடியான பாகங்களைப் போனுக்குள் போகிற சர்க்யூட் அட்டையில் ஒட்டுகிற மெஷின்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஆள் அனுப்பப்போகிறார்கள். அந்த மெஷினைச் செய்கிற ஊருக்கே, கொரியாவுக்கு, இரண்டு வருஷம். உன் லைனில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். பாலிடெக்னிக் படித்த பெண், கை நிதானமான பெண் என்று. சித்தூரில் எங்கள் தலைமுறையில் ஒருத்தனையும் யாரும் இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டதில்லை. நீ போன் பண்ணி என்ன சொன்னாய்?

"நைனா, கொரியா வாணாம்னு எச்ஆர்ல சொல்லிட்டேன். இங்கியே லைன் சூப்பர்வைசர் தராங்களாம். ஏசி ரூமு. கழுத்துல போட்ற டேக் கூட வேற கலரு."

"ஏம்மா வாணாம்னே?"

"கல்யாணத்த வெச்சிக்கினு எப்பிடிப் போறது நைனா? கிரி வூட்ல ஒத்துக்குவாங்களா?"

டேக் கலருக்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று நான் கத்தினது உண்மை. நீ வைத்ததும் உண்மை. மாதக் கடைசியில்தான் பெயர்களை மேலே அனுப்புவார்கள், அதுவரைக்கும் மனசு மாறினால் வந்து சொல்லு என்று உன் எச்ஆர் அம்மா சொல்லியிருக்கிறாள் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. கிரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆமாம், கிரியைப் பார்க்கப் போனேன். முகத்தைச் சுளிக்காமல் மேலே படி.

சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்து, என்னென்ன கேட்பது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். பொண்ணு எடுக்க வந்தீர்களா, பொண்ணைக் கட்டிப்போட வந்தீர்களா என்பது முதல் கேள்வி. திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் ஏறியபோது பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர்கள் லாட்ஜில் கிரி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாத்ரீகர்களுக்கு ரூம் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "டிபன் துன்னீங்களா மாமா?" என்றான். சண்டைக்கு வந்தவனிடம் இப்படிக் கேட்டால் எங்கே ஆரம்பிப்பது? இருந்தாலும் ஆரம்பித்தேன். நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் போன்னுதான் சொன்னேன் மாமா. ரெண்டு வருசம் ஓடிப்பூடும், நானும் ஒருவாட்டி வந்து பாத்துட்டு வரேன்னு கூட சொன்னேன். அவதான், நான் தொட்டு மெஷின் கெட்டுப் பூடுச்சின்னா இன்னா பண்றது, அத்தினி பேர் பொழப்பு அதுல கீது, எனக்கு வாணாம்னா."

உள்ளேயிருந்து அவன் அம்மா வந்தாள். அவளாவது மறுத்துப் பேசுவாள், நம் சண்டைக்கு ஒரு ஆள் கிடைக்கும் என்று பார்த்தால் அவளும் கவிழ்த்துவிட்டாள். "ரெண்டு வருசம் கழிச்சி திருச்சானூர்ல முகூர்த்தமே கெடைக்காம பூடுமா அண்ணா? பொண்ணு கத்துக்கினு வரட்டும்" என்றாள். வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கொண்டுபோன கேள்விகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவர்கள் மறுத்திருந்தால் அவர்களைத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இப்போது யாரைத் திட்டுவது? கல்யாணத்தை எடுத்துப் பயத்துக்கு மேலே போர்த்தி வைத்திருக்கிறாய். நல்ல மாப்பிள்ளை தலையில் பழியைப் போட்டுவிட்டு நீ ஏசி ரூமுக்குள் போய் உட்காரப் பார்க்கிறாய்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாம்பழக் கூழ் பாக்டரிகள். சீசன் ஆரம்பித்துவிட்டது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டோரமாக நின்றுகொண்டிருக்கின்றன, டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள். நீ பிறப்பதற்கு முன்னால் நான் அப்படி ஒரு பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே வரிசை, இதே துண்டு. பஸ் மெதுவாக ஊர்ந்தபோது எனக்கு அந்தப் பொட்டுக் கதை ஞாபகத்துக்கு வந்தது. நீ சின்ன வயசில் சோறு துன்னும்போது, "மெஷினுக்குப் பொட்டு வெச்ச கதெ சொல்லு நைனா" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாய். நீ சிரிக்க வேண்டும் என்பதற்காகப் பாதியை விட்டுவிட்டுச் சொல்வேன். இப்போது விட்ட பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம்.

நாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி வெளிநாட்டுக்கு என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். அதுவரைக்கும் கூழை டப்பாவில் அடைத்து அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் இறக்கினார். வேகவைத்த கூழைக் காற்றுப் படாமல் பெரிய பையில் நிரப்பி மூடும், பையை டிரம்முக்குள் வைத்து அனுப்பினால் வருஷக் கணக்கில் கெடாது. மெஷின் வந்து நின்ற அன்று சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. உன் தாத்தா வரைக்கும் அடுத்தவன் தோப்பில் காய் சுமந்தவர்கள் நாம். நான் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அந்த மெஷின் முன்னால் நின்றபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. சீசன் தொடங்கும் நாளில் முதலாளி பூசை வைத்தார். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தன் கையால் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கே வைத்தார்? மெஷினுக்கு நெற்றி எது என்று தேடிப் பார்த்து, நடுவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது, அதன்மேல் நன்றாக அழுத்தி வைத்தார்.

அந்தக் கண்ணாடிதான் மெஷினுக்குக் கண். பையின் வாய் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று அது பார்த்துச் சொன்னால்தான் கூழ் இறங்கும். கண் மூடிவிட்டது, மெஷின் நின்றுவிட்டது. சிவப்பு லைட் எரிந்தது, திரையில் ஏதோ இத்தாலி எழுத்து ஓடியது. நீராவியில் கோளாறு என்று ஒருத்தர் சொன்னார், கரண்ட் என்று இன்னொருத்தர் சொன்னார். மெஷினைப் பிரிக்கலாம் என்றால் பிரிக்கக் கூடாது, சீல் உடைந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று மேனேஜர் குறுக்கே நின்றார். இத்தாலிக்குப் போன் போட்டார்கள். ஆள் வரும்வரை மெஷினைத் துடைத்துப் பளபளவென்று வைக்கச் சொன்னார்கள். துடைத்த பெண்களில் உங்கம்மாவும் ஒருத்தி. வேளாவேளைக்குத் துடைத்தார்கள், மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்கள், அந்தப் பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தார்கள். வைத்த குங்குமத்தை யார் அழிப்பார்கள்? வேறு ஊரில் யாராவது வேலைக்காரி அரை நிமிஷத்தில் அதைத் துடைத்துப் போட்டிருப்பாள், மெஷினும் ஓடியிருக்கும். நம்மால் முடியாது.

நான் உனக்குச் சொல்லாமல் விட்டது அந்த நாட்களை. வெளியே வரிசை பைபாஸ் வரைக்கும் போய்விட்டது. காய் பழுத்து, பழம் அழுகி, டிராக்டரிலிருந்து சாறு ரோட்டில் வழிந்தது. ஈ மொய்த்து, நடந்து போகிறவன் வாயைத் திறக்க முடியாது. மற்ற பாக்டரிகள் நிலைமையைப் பார்த்து விலையை இறக்கிவிட்டன. இருவாரம் கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, கேட் முன்னாலேயே வண்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காலி டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனான். அவன் திட்டியிருந்தால் தேவலை. நாங்கள் உள்ளே தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தோம்.

ஒருவழியாக இத்தாலிக்காரர் வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், கண்ணாடி முன்னால் குனிந்தார், பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தார். லைட் பச்சையானது. இந்த இடத்தில்தான் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். துடைத்தது சாமி குங்குமம் என்று மொழிபெயர்க்க வந்தவர் விளக்கினதும் அந்த மனுஷன் பதறிப்போய்க் கைகூப்பினார், நானே திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டார். முதலாளி குங்குமக் கிண்ணத்தை நீட்ட, இத்தாலிக்காரர் கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளித் தகட்டின்மேல் ஒரு பொட்டு வைத்தார். எல்லாரும் கைதட்டினோம். உனக்கு நான் கதையை அங்கே முடித்துவிடுவேன்.

முடியவில்லை அம்மா. அவருக்குத் திரும்பிப் போக அடுத்த நாள்தான் விமானம். அவர் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எங்களைப் பார்த்து நீட்டினார். பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லித்தருகிறேன், யாராவது ஒருத்தர் வாருங்கள், அடுத்த தடவை என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது என்றார். மொழிபெயர்ப்பவர் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி அந்த ஸ்க்ரூ டிரைவரை மரியாதையாக அவர் கையிலிருந்து வாங்கி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடினார். "சார், தரிசனத்துக்கு டைம் ஆச்சு" என்றார். விருந்தாளிக்குத் திருமலையில் ஸ்பெஷல் தரிசனம் ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஒரு நாள் மலை ஏறிப் போய்விட்டது. அவர் மொட்டை அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். பாக்டரிக்கு லட்டு வந்தது, ஆளுக்குக் கொஞ்சம் பிட்டுக் கொடுத்தார்கள், நானும் கண்ணில் ஒற்றித் துன்னேன். யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது.

அந்தச் சம்பவத்திலிருந்து எங்கள் பாக்டரி கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அடுத்த வருஷத்திலிருந்து பொட்டை மெஷினுக்கு வைக்காதே, சுவருக்கு வை. முதலாளி அப்புறம் இரண்டாவது மெஷின் வாங்கினார், மூன்றாவதும் வாங்கினார். டிரம் கூடிக்கொண்டே போனது. ஏற்றுமதி, ஏற்றுமதி என்று பேப்பரில் போட்டார்கள், மந்திரிகள் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். டிரம்முக்குள் இருந்தது மட்டும் அதே கூழ். நம்மிடம் வாங்குகிறவன் அதில் குழந்தைக்கு ஊட்டுகிற உணவு செய்கிறான், ஜூஸ் செய்கிறான், ஐஸ்கிரீமுக்குப் போடுகிறான், புதுசு புதுசாக மெஷின் செய்து அதையும் நம்மிடமே விற்கிறான். நாம் இன்னும் டிரம் உருட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் இந்த வருஷம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சித்தூர் ஜில்லா முழுக்கப் பழம் ரோட்டில் கிடக்கிறது. எவ்வளவு அனுப்பினோம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அனுப்பினதில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நான் கேட்டால் உங்கம்மா, "ரிட்டையர் ஆயிட்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கினு கீற" என்கிறாள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். போன தீபாவளிக்குச் சொன்னதுதான். "நீங்க டிரம்முல கூழு ஊத்தனீங்க நைனா, நாங்க போன் பண்றோம். அமெரிக்காவுக்குப் போவுது." போகட்டும், ரொம்பச் சந்தோஷம். அன்றைக்கே உன்னைக் கேட்டேன், அந்தப் போனில் எது நம்முடையது என்று. திரை ஒரு நாட்டிலிருந்து வருகிறது, சிப்பு ஒரு நாட்டிலிருந்து வருகிறது, எல்லாம் சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் தடாவுக்கு வந்து, உங்கள் கைபட்டு, அதே ரோட்டில் திரும்பிப் போகிறது. டிரம்மைவிடப் பெட்டி அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிற வித்தியாசம். நீயே சொல்லியிருக்கிறாய், மெஷின் நின்று சிவப்பு லைட் எரிந்தால் கொரியாக்காரர் வரும்வரை லைன் முழுக்க டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த மெஷின்களும் பாக்டரியும் நாளைக்கு வேறு நாட்டில் கூலி குறைவு என்றால் கழற்றிக்கொண்டு போகிற சாமான்கள். நாயுடுபேட்டையிலிருந்தும் சூளூர்பேட்டையிலிருந்தும் வேன் பிடித்து வருகிற உன் தோழிகள் எல்லாரும் அன்றைக்கு என்ன செய்வார்கள்? நம்மூரில் நாலு பேருக்காவது அந்த மெஷினின் உள்வயிறு தெரிந்திருந்தால், அவர்கள் போனாலும் நாம் வேறு ஒன்றைச் செய்வோம். இன்றைக்கு அதைப் பழுது பார்க்கக் கற்றவள்தான் நாளைக்கு அதைப்போல ஒன்றைச் செய்து பார்ப்பாள்.

இதையெல்லாம் உன் தலையில் ஏன் கட்டுகிறேன், நாடு முன்னேறுவதற்கு நான்தான் கிடைத்தேனா என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். உன்னால் நாடு ஒன்றும் தலைகீழாக மாறிவிடாது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை நீட்டுகிற ஆள் நம் வீட்டுப் பக்கம் அடிக்கடி வருவதில்லை. என் வயசுக்கு ஒரு தடவை வந்தார், அதற்குள் யாரோ பெட்டியை மூடிவிட்டார்கள். உன்னிடம் வந்திருக்கிறார். இங்கே யாரும் மூடவில்லை, கிரி மூடவில்லை, அவன் அம்மா மூடவில்லை, எச்ஆர் அம்மா கூட மாதக் கடைசி வரை திறந்து வைத்திருக்கிறாள். நீயே மூடுகிறாய் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பயமாக இருக்கிறது என்றால் பயம் என்று சொல்லு, வெட்கமில்லை. தொட்டால் கெட்டுவிடுமோ என்று நினைக்காதவன் மெஷின் பக்கமே போகக் கூடாது. உன் கையால் ஒன்று கெட்டுத்தான் போகட்டுமே. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் நீ அழுது, பக்கத்திலிருக்கிற கொரியாக்காரர் திட்டி, மறுபடி சேர்த்து ஓட்டினால் அந்த மெஷின் அப்புறம் உன் பேச்சைக் கேட்கும். இந்த ஊரில் தொடாமலேயே எத்தனை நின்றுபோயிருக்கிறது என்று நான் பார்த்தவன். குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கித் தருகிறேன். உனக்குப் பிடித்த மாங்காய் ஊறுகாயை உங்கம்மா கட்டித் தருவாள். அங்கே பன்றிக்கறி, ஆக்டோபஸ் என்று என்னென்னவோ துன்னுவார்களாம், நீ பார்த்துக்கொள்.

எழுதினதை உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொண்ணுக்குக் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிற அப்பனை ஊரில் பார்த்ததில்லை என்று இத்தனை நாளும் என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவள் அவள். பொட்டுக் கதை வந்த இடத்தில் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த அவள் விரல்களை உனக்குத் தெரியும், அவற்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு, இதையும் எழுது என்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதி முடிக்கிறேன். இதற்குமேல் என் பேச்சு ஒன்றுமில்லை.

"தெனமும் அந்தப் பொட்டெ சுத்திச் சுத்தித் தொடச்சது நான்தாம்மா. இந்தக் கைதான். துணி அந்தப் பக்கம் ஒரு வெரலு போயிருந்தா போதும், அந்த ஆளு டிராக்டரெ கவுத்துட்டுப் போயிருக்க மாட்டான். எனக்குத் தெரியல, யாரும் சொல்லல. உனக்குத் தெரியுது. போய்ட்டு வா."